குப்பைமேனி வேர் முதல் லாவெண்டர் வரை: பூனை, நாயின் பதற்றத்துக்கு மூலிகை வாசனை எவ்வளவு உதவும்?

தீபாவளி நெருங்கினால் போதும், செல்லப்பிராணிக் கடைகளில் பதற்றத்தைத் தணிக்கும் என்று எழுதிய பொட்டலங்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. கேட்னிப் (பூனையை மயக்கும் ஒரு செடி) தூள், கேமோமைல் (சாமந்தி போன்ற ஒரு மூலிகைப் பூ) பிஸ்கட், லாவெண்டர் ஸ்பிரே, வலேரியன் (தூக்கம் தரும் என்று கொடுக்கும் ஒரு வேர்) சொட்டு மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே விளம்பரம்தான்: பயந்த பிராணி அமைதியாகிவிடும், மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது. இதில் குறைந்தது மூன்று வெவ்வேறு சங்கதிகள் குழம்பிக் கிடக்கின்றன. பூனையைத் தரையில் உருள வைக்கும் வாசனை ஒன்று, நாயைக் கொஞ்சம் படுக்க வைக்கும் வாசனை வேறு, வாயில் ஊற்றும் மருந்து இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரியும்.

## முதலில் இரண்டு சொற்கள்

என்ரிச்மென்ட். மிருகக்காட்சிசாலைகளில் அதிகம் புழங்கிய சொல், இப்போது வீட்டுப் பிராணிகளுக்கும் வந்துவிட்டது. அடைபட்டு வாழும் ஒரு பிராணிக்கு அதன் இயல்பான வேலைகளைச் செய்ய வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுப்பதுதான் அது. தேடுவது, முகர்வது, கடிப்பது, ஏறுவது, ஒளிவது எல்லாம் இதில் அடக்கம். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்த பூனைக்கு ஒரு வருஷத்தில் எத்தனை புது வாசனை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாய்க்கும் அப்படித்தான். இருபது நிமிட நடையில் ஒவ்வொரு கம்பத்தடியிலும் அது நிற்கும்போது நாம் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறோம்.

மருந்து நாம் கொடுப்பது. என்ரிச்மென்டை அதுவாக வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் விலகிப் போகவும் இடம் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் வரும்.

அடுத்தது பதற்றம், அதாவது ஸ்ட்ரெஸ். நாயிடம் இது காரணமில்லாத மூச்சிரைப்பு, உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி, ஓரிடத்தில் நிற்காமல் நடப்பது என்று வெளியே தெரியும். பூனை பெரும்பாலும் மறைக்கும். கட்டிலுக்கு அடியில் போய்விடும், சாப்பாட்டைக் குறைக்கும், ஒரே இடத்தை நக்கி நக்கி முடி கொட்ட வைக்கும், மணல் தட்டை விட்டு மெத்தையில் சிறுநீர் கழிக்கும். இந்தக் கடைசி அறிகுறியில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆண் பூனை அடிக்கடி குந்தியும் சொட்டு சொட்டாகவோ எதுவுமே இல்லாமலோ முக்கினால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். அது ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோகக்கூடிய நிலை, வாசனைப் பொட்டலம் தேடும் நேரம் இல்லை.

## பூனைக்கு என்ன நடக்கிறது

குப்பைமேனிக்குத் தமிழில் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. மலையாளத்தில் பூச்சமயக்கி. செடியைப் பிடுங்கிப் போட்டால் வேருக்குப் பூனைகள் வந்து உரசிப் புரளும் என்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். இது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில், காட்டுப் பூனைகளைப் பொறியில் பிடிக்க இந்தச் செடி பயன்படுமா என்று பார்த்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2016-ல் ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் வேரிலிருந்து இரண்டு சேர்மங்களைப் பிரித்தார்கள். இரண்டும் இரிடாய்டு என்ற தாவர வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை.

கேட்னிப்பில் இருப்பதும் ஓர் இரிடாய்டுதான், பெயர் நெபடலாக்டோன். வேடிக்கை என்னவென்றால் இரண்டு செடிகளுக்கும் சொந்தமே கிடையாது. கேட்னிப் நம் துளசி, புதினாவின் குடும்பம். குப்பைமேனி ஆமணக்கின் குடும்பம். ஜப்பான், சீன மலைப்பகுதிகளில் வளரும் சில்வர் வைன் என்ற கொடி (ஜப்பானில் மதாதாபி) கிவிப் பழத்துக்கு நெருங்கிய உறவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செடிகள் தனித்தனியே ஒரே மாதிரி சேர்மத்தைத் தயாரிக்கின்றன, காரணம் பூச்சிகளை விரட்டுவது. பூனை நடுவில் புகுந்தது தற்செயல் என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள்.

2021-ல் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் மசாவோ மியாசாகியின் குழு வெளியிட்ட ஆய்வு இந்தக் கதையை மாற்றியது. அதன் சாரம்:

1. சில்வர் வைனின் முக்கியச் சேர்மத்தை முகர்ந்த பூனைகளின் ரத்தத்தில் பீட்டா எண்டார்ஃபின் கூடியது. உடலே சுரக்கும், ஓபியம் போல வேலை செய்யும் பொருள் இது.

2. ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது இந்தப் பொருள் உடலில் போய் ஒட்டும் இடங்களை, அடைக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்துவிட்டு முகர வைத்தபோது உரசுவதும் புரள்வதும் குறைந்துபோனது. ஆக, இன்பம் வெளியிலிருந்து வரவில்லை. வாசனை ஒரு சாவி, பூட்டும் பெட்டியும் பூனைக்குள்ளேயே இருக்கின்றன.

3. அந்தச் சேர்மத்தைத் தலையில் தேய்த்துக்கொண்ட பூனைகள் மேல் கொசு குறைவாக உட்கார்ந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த புலிக்கொசுவை வைத்துத்தான் சோதித்தார்கள். பூனை ஏன் இலையைக் கடித்துக் குதறி அதன் மேல் புரள்கிறது என்பதற்கு இது ஓரளவு விடை தருகிறது. இலை கசங்கினால் வாசனைச் சேர்மம் பல மடங்கு அதிகமாக வெளியேறும் என்று அதே குழு அடுத்த ஆண்டு காட்டியது.

கஞ்சா போல அடிமையாகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி எதுவும் தெரியவில்லை. கேட்னிப்பின் வேகம் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம், அதற்குப் பிறகு ஒரு மணி நேரமோ கூடுதலோ அதே பூனை அதே வாசனையைச் சட்டை செய்யாது. தனக்குப் போதும் என்றால் தானே எழுந்து போய்விடும், இந்த விஷயத்தில் மனிதர்களைவிடப் பூனை எவ்வளவோ தேவலாம்.

எல்லாப் பூனைக்கும் வேலை செய்யுமா? செய்யாது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 100 வீட்டுப் பூனைகளிடம் நான்கு செடிகளைச் சோதித்தார்கள். கேட்னிப்புக்கு மூன்றில் ஒரு பூனை அசையவில்லை. சில்வர் வைனுக்கு ஏறக்குறைய 80 விழுக்காடு மயங்கின. வலேரியன் வேருக்கும் டட்டாரியன் ஹனிசக்கிள் என்ற புதர்ச்செடியின் கட்டைக்கும் பாதிக்குப் பாதி. கேட்னிப்பைக் கண்டுகொள்ளாத பூனைகளில் முக்கால்வாசி சில்வர் வைனுக்கு மயங்கின என்பதுதான் இதில் கைக்கு உதவும் தகவல். மரபு சார்ந்த விஷயம் என்பதால் உங்கள் பூனை எதையும் பொருட்படுத்தவில்லை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. குட்டிகளும் சில மாதம் வளரும் வரை பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

## அப்போது பூனை அமைதியாகிறதா?

இங்கேதான் பொட்டலத்தின் விளம்பரம் சறுக்குகிறது. கேட்னிப் முதலில் கிளர்ச்சி தரும். உருளும், எச்சில் வடிக்கும், பொம்மையைப் பின்னங்காலால் உதைக்கும், சில பூனைகள் பக்கத்தில் வரும் இன்னொரு பூனையை அறைந்தும் விடும். அதற்குப் பிறகு ஒரு சோம்பல் வரும். கடைக்காரர் அமைதி என்று விற்பது இந்த இரண்டாம் பகுதியை மட்டும்.

பயந்து ஒடுங்கிக் கிடக்கும் பூனை பல நேரம் முகர்ந்துகூடப் பார்க்காது. நன்றாக இருக்கும் பூனையின் அலுப்பைப் போக்குவதில்தான் இந்த வாசனைகளுக்கு உண்மையான பயன். அலுப்பும் பதற்றத்துக்கு ஒரு காரணம் என்பதால் சுற்றி வளைத்து உதவுகிறது, அவ்வளவுதான். காப்பகத்தில் 150 பூனைகளிடம் கேட்னிப், லாவெண்டர், முயல் வாசனை தடவிய துணிகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. கேட்னிப் துணி மற்றவற்றைவிட ஈர்த்தது, லாவெண்டர் பெரிதாக எதையும் செய்யவில்லை. மொத்தத்தில் பூனைகள் துணியைக் கவனித்த நேரமே கண்காணித்த நேரத்தில் 6 விழுக்காடு அளவுக்குத்தான் இருந்தது.

இதோடு ஒப்பிட, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒரு பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சீக்கிரமே தெளிந்துவிட்டன. சிறிய ஆய்வுதான். ஆனால் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லையே. பூனை பயந்திருக்கிறது என்றால் என் கை முதலில் பெட்டிக்குத்தான் போகும், கேட்னிப் எல்லாம் அதற்குப் பிறகு.

குப்பைமேனி வேர் தெருவோரத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, அதையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். முகர வைப்பதோடு நிறுத்திக்கொண்டால் சரி, தின்ன விடக்கூடாது. அந்தச் செடியில் அகாலிஃபின் என்ற, சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மம் இருக்கிறது. இலங்கையில் குப்பைமேனிக் கீரை சாப்பிட்ட, ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த சம்பவங்கள் 1996-ல் மருத்துவ இதழில் பதிவாகின. தவிர, சாலையோரச் செடி என்றால் களைக்கொல்லி அடித்திருக்கலாம், தெருநாய் சிறுநீர் கழித்திருக்கலாம். வீட்டுத் தொட்டியில் முளைத்ததாக இருந்தால் வேரை மண் போகக் கழுவி, ஒரு துணிப்பையில் கட்டி, பத்து நிமிடம் விளையாட விட்டுவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

## நாய்க்குக் கேட்னிப் மாதிரி எதுவும் இல்லை

நாயை அப்படி மயக்கி உருட்டும் செடி எதுவும் தெரியவந்ததில்லை. நாய்க்கான "மூலிகை அமைதி" பெரும்பாலும் இரண்டு ஆய்வுகளை நம்பி நிற்கிறது. இரண்டும் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவை, இரண்டிலும் டெபோரா வெல்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் இருந்தார்.

2005-ல் காப்பகத்தில் இருந்த 55 நாய்களின் அறைகளில் வாசனை பரப்பினார்கள். லாவெண்டர், கேமோமைல் இருந்த நாட்களில் அதிக நேரம் படுத்திருந்தன, குரைப்பு குறைந்தது. ரோஸ்மேரியும் பெப்பர்மின்ட்டும் எதிர்ப்பக்கம் இழுத்தன, நடமாட்டமும் சத்தமும் கூடின. மூலிகை என்றாலே அமைதி இல்லை என்பதற்கு இதுவே போதும். 2006-ல் காரில் ஏறினாலே துள்ளிக் குரைக்கும் 32 நாய்களைப் பார்த்தார்கள். லாவெண்டர் மணம் இருந்த பயணங்களில் அவை கூடுதலாக உட்கார்ந்தன, படுத்தன.

பிறகு 2018-ல் இங்கிலாந்தில் 15 காப்பக நாய்களிடம் இஞ்சி, தேங்காய், வெனிலா, வலேரியன் வாசனை ஏற்றிய துணிகளை வைத்தார்கள். நான்குமே குரைப்பையும் அலைச்சலையும் குறைத்தன, இஞ்சியும் தேங்காயும் இருந்தபோது தூக்கமும் கூடியது. நம் வீட்டு அடுக்களை வழியாகவே இத்தனை வாசனையும் தினமும் நாயின் மூக்குக்குப் போகிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இந்த முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? காப்பக நாய் வெறுமையான கூண்டில் இருக்கிறது, எந்தப் புது வாசனையும் அதற்கு ஒரு செய்தி. உங்கள் கூடத்தில் இருக்கும் நாய்க்கு அதே விளைவு வரும் என்று சொல்ல முடியாது. படுத்திருப்பது அமைதியின் அடையாளமா, சோர்வா என்பதும் வெளியிலிருந்து எளிதில் தெரியாது. அப்புறம், கூண்டு முழுக்கப் பரவிய வாசனையிலிருந்து நாய் எங்கே விலகிப் போகும்? என் கணக்கில் அது என்ரிச்மென்டே ஆகாது.

நாய் தனக்குத் தேவையான மூலிகையைத் தானே தேர்ந்தெடுக்கும் என்று சொல்லி, பல செடிகளை வரிசையாக வைத்து முகர விடும் முறையும் இப்போது பரவுகிறது. முகர விடுவது நல்ல பொழுதுபோக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் நாய் எதை முகர்ந்ததோ அதுதான் அதன் நோய்க்கு மருந்து என்ற முடிவுக்குப் பாய்வதில் சிக்கல். வயிறு சரியில்லை என்றால் நாய் புல் தின்னும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1,571 நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், செடி தின்னும் முன்பு உடம்பு சரியில்லாதது போல் தெரிந்த நாய்கள் 9 விழுக்காடுதான், தின்றபின் வழக்கமாக வாந்தி எடுத்தவை 22 விழுக்காடு. பெரும்பாலான நாய்கள் புல்லைச் சும்மா தின்கின்றன. இதே பிராணிதான் சாக்லேட்டையும் திராட்சையையும் கிடைத்தால் விடாது, இரண்டுமே அதற்கு நஞ்சு.

## இலை வேறு, தைலம் வேறு

ஆபத்து பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஒரு சிட்டிகை உலர்ந்த இலையில் இருக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம். கூடை கூடையாக இலையை வடித்து எடுத்ததுதான் சின்னப் புட்டியில் இருக்கும் எசென்ஷியல் ஆயில். ஊட்டிக்குப் போனால் வாங்கி வரும் நீலகிரித் தைலமும் அந்த ஜாதிதான்.

பூனைக்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உடலுக்குள் போகும் பல வேதிப்பொருட்களை, குறிப்பாக ஃபீனால் வகையை, கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு ஒட்டி, நீரில் கரையும்படி செய்து வெளியேற்றுகிறது.

2. இந்த வேலைக்கான நொதிகளில் முக்கியமான ஒன்றின் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிவிட்டது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த பரம்பரைக்குத் தாவர நஞ்சுகளைக் கழிக்கும் தேவை குறைவாக இருந்திருக்கும் என்பதுதான் வழக்கமான விளக்கம். மனிதருக்குச் சாதாரணமான பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் இதுதான் காரணம்.

3. ஆக, தைலத்தின் பொருட்கள் பூனையின் உடலில் நெடுநேரம் தங்குகின்றன. அதன் மேல் தடவினால் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். டிஃப்யூசரிலிருந்து (தைலத்தை அறையில் பரப்பும் கருவி) வரும் நுண்துளிகள் முடியில் படிகின்றன, பூனை நாள் முழுக்க நக்கித் தன்னைச் சுத்தம் செய்கிறது, அவ்வளவும் வயிற்றுக்குப் போகிறது.

நாய்க்கும் விலக்கு இல்லை. கலப்பில்லாத டீ ட்ரீ ஆயிலால் நஞ்சேறிய 443 நாய், பூனைகளின் விவரம் 2014-ல் ஓர் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வந்தது. எச்சில் வடிதல், தள்ளாட்டம், நடுக்கம் என்று போகும் அறிகுறிகள். அவற்றில் பெரும்பகுதி வளர்ப்பவரே நல்லெண்ணத்தோடு தடவியது.

லாவெண்டர் செடியும் கேமோமைலும்கூட, தின்றால் வாந்தி பேதி தரும் தாவரங்கள் என்று அமெரிக்காவின் விலங்கு நஞ்சு ஆலோசனை மையப் பட்டியலில் இருக்கின்றன. அதே பட்டியலில் நம் பால்கனியில் கட்டாயம் ஒரு தொட்டியாவது இருக்கும் கற்பூரவல்லியும் சோற்றுக்கற்றாழையும் உண்டு. குழந்தைக்குச் சளிக்குக் கொடுக்கிறோமே என்று பூனைக்குக் கற்பூரவல்லிச் சாறு புகட்ட வேண்டாம். வலேரியனுக்கு உறவுதானே என்று நாட்டு மருந்துக் கடைச் சடாமாஞ்சிலை வாங்கித் தூவுவதும் வேண்டாம். லில்லி பூ வாங்கும் பழக்கம் இருந்தால் பூனை இருக்கும் வீட்டில் விட்டுவிடுங்கள், அதன் மகரந்தம் கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழக்கும்.

## சரி, எப்படி வைப்பது

உலர்ந்த கேட்னிப் அல்லது சில்வர் வைன் ஒரு சிட்டிகை போதும். தனியாக ஒரு பாய் அல்லது துணியின் மேல், சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி வைக்கவும். பிராணி உள்ளே வரவும் வெளியே போகவும் வழி இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும், தினமும் கிடக்கும் வாசனை சுவர் மாதிரி ஆகிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால் தனித்தனி அறையில். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வையுங்கள், திறந்து கிடந்தால் வாசனை போய்விடும்.

நாய்க்கு இஞ்சித் துண்டையோ, காய்ந்த தேங்காய் மூடியையோ, கொஞ்சம் துளசியையோ வெவ்வேறு துணிகளில் சுற்றி அட்டைப்பெட்டிகளுக்குள் ஒளித்துவிடுங்கள். வாசனையைவிடத் தேடும் வேலைதான் அதற்கு விருந்து. துணியையே விழுங்கும் நாய் என்றால் பக்கத்திலேயே இருங்கள். மூக்கைச் சுருக்கித் திரும்பிப் போனால் விட்டுவிடுங்கள்.

இனி தீபாவளி. தமிழகத்தில் 2018-லிருந்து வெடிக்க அனுமதித்த நேரம் காலையில் ஒரு மணி, இரவில் ஒரு மணி என்று இரண்டு மணி நேரம்தான், நடைமுறையில் எத்தனை நாள் சத்தம் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெடி தொடங்கும் மாலையில் முதன்முறையாக லாவெண்டர் துணியை எடுத்தால், நாய் அந்த மணத்தைச் சத்தத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அடுத்த ஆண்டு துணியைப் பார்த்ததுமே நடுங்கும். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பரிலேயே, நாய் வயிறு நிறைந்து தூங்கும் நேரங்களில் அந்த ஒரு வாசனையை மட்டும் அதன் படுக்கையருகே வைத்துப் பழக்கலாம். ஓய்வோடு சேர்ந்துவிட்ட வாசனையால் வெடி இரவில் கொஞ்சம் உதவி கிடைக்கலாம், சன்னல் மூடிய உள்ளறையும் மின்விசிறிச் சத்தமும் கூட ஒரு ஆளும் இருந்தால்.

வெடிச் சத்தத்துக்குக் கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும், ஓடித் தொலைந்துபோகும் நாய்க்கு இதெல்லாம் எட்டாது. அந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது. நாய்களின் சத்த பயத்துக்கென்றே ஈறில் தடவும் ஒரு ஜெல்லுக்கு அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது, வேறு மாத்திரைகளும் கால்நடை மருத்துவர்கள் எழுதுவதுண்டு. ஆனால் பழைய அசெப்ரோமசின் மாத்திரையை மட்டும் யாராவது பரிந்துரைத்தால் ஏன் என்று கேளுங்கள்: அது உடம்பை அசையாமல் கிடத்தும், உள்ளே பயம் அப்படியே இருக்கும், சத்தமும் முழுதாகக் கேட்கும். எந்த மருந்தாக இருந்தாலும் பண்டிகைக்கு முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும், ஆகவே மருத்துவரிடம் போகும் தேதி தீபாவளிக்கு மூன்று நான்கு வாரம் முன்பாக இருக்கட்டும். ஏற்கெனவே வலேரியன் சொட்டோ கேமோமைல் பிஸ்கட்டோ கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் புட்டியையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள், தூக்கம் தரும் இரண்டு பொருள் ஒன்று சேர்ந்தால் அளவை அவர்தான் மாற்ற வேண்டியிருக்கும்.